பட்டறைப் பக்கம்: பின்கண்ணாடியும் பீடிங் ரப்பரும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிக்கப் வண்டியின் கேபின் பின்கண்ணாடி பற்றியே. ஏற்காடு மலையில் இருந்து வந்தவைதான் அதிகம். அதனால் கிளட்ச், மைலேஜ் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நாகலூர் வாசகர்: அண்ணா, சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து காபி மூட்டை, மிளகு, சில நாள் சில்வர் ஓக் கட்டை என்று கிடைத்த லோடு ஓட்டுகிறேன். போன வாரம் கட்டை ஏற்றிக்கொண்டு சேலம் இறங்கும்போது வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. பிரேக் அழுத்தியதும் மேலே கிடந்த கட்டை ஒன்று வழுக்கி வந்து பின்கண்ணாடியில் இடித்துவிட்டது. மொத்தக் கண்ணாடியும் கல்கண்டு மாதிரி கொட்டிவிட்டது, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடி மட்டும் போதும், அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் பழைய பீடிங் ரப்பரே நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். மெக்கானிக் ரப்பரையும் மாற்று என்கிறார். யார் சொல்வது சரி? நானே மாட்டிக்கொள்ளலாமா?

மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. அந்த ரப்பர் வண்டி வாங்கிய நாளில் இருந்து வெயிலில் காய்ந்து காய்ந்து இறுகிப் போயிருக்கும். கையில் எடுத்து மடித்துப் பாருங்கள், மடிப்பில் நூல் நூலாக வெடிப்பு தெரிந்தால் அது செத்த ரப்பர். வெடிப்பே இல்லாவிட்டாலும் பழைய ரப்பர் கொஞ்சம் சுருங்கியிருக்கும், அந்தச் சுருக்கம் நான்கு மூலையிலும்தான் தெரியும், தண்ணீர் உள்ளே வருவதும் அங்கேதான். கண்ணாடி விலையோடு பார்த்தால் ரப்பர் விலை பெரிதில்லை. மிச்சம் பிடிக்கிறேன் என்று பழையதைப் போட்டுவிட்டு, முதல் மழைக்கே மறுபடி கழற்றி மாட்டினால் கூலி இரண்டு தடவை. ரப்பர் வாங்கும்போது உங்கள் வண்டி மாடலுக்கென்றே வளையமாக வார்த்து வருவதைக் கேளுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பதும் உண்டு, ஆனால் அதில் ஒட்டுப் போடும் இடம் ஒன்று வரும், அந்த இடத்தை நான் நம்புவதில்லை.

நீங்களே மாட்டலாமா என்றால், ரப்பர் போட்டு உட்கார வைக்கிற கண்ணாடியாக இருந்தால் தாராளமாக மாட்டலாம், இரண்டு பேர் வேண்டும். பசை வைத்து பாடியோடு ஒட்டிவிட்ட கண்ணாடி என்றால் கை வைக்காதீர்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடியைச் சுற்றி உள்ளேயும் வெளியேயும் தடித்த ரப்பர் உதடு தெரிந்தால் அது ரப்பர் வேலை. ரப்பரே தெரியாமல், கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் பட்டை மட்டும் ஓடினால் அது பசை வேலை.

முதலில் தூளை எடுங்கள். சீட்டைத் தூக்கிவிட்டு, ஜாக்கி வைக்கிற இடம், தரை விரிப்புக்கு அடியில், சீட் பெல்ட் சுருளும் பொந்து எல்லாம் வாக்குவம் போட வேண்டும். பெல்ட்டில் ஒரு துண்டு மாட்டியிருந்தால் இழுக்க இழுக்க அது பெல்ட்டை அறுத்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துகளுக்கு வீட்டில் இருந்து ஒரு உருண்டை சப்பாத்தி மாவு வாங்கி வந்து சீட் துணியில் ஒற்றி எடுங்கள். சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. மாவை அப்புறம் குப்பையில் போடுங்கள், மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ரப்பர் கவ்விக்கொள்கிற தகட்டு விளிம்பு இருக்கிறதே, அதைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். கட்டை இடித்ததில் எங்காவது வளைந்திருந்தால் டின்கரிடம் கொடுத்துத் தட்டி நேராக்க வேண்டும். வளைந்த விளிம்பில் உட்கார்ந்த கண்ணாடிக்கு ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும், ஏதாவது ஒரு குழியில் வண்டி இறங்கும்போது காரணமே இல்லாமல் வெடித்தது போல இருக்கும். துரு இருந்தால் உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம்தான் ரப்பர். பொதுவாகக் கீழ்ப் பக்கத்து விளிம்புதான் முதலில் போகும், தண்ணீர் தேங்குவது அங்கே.

மாட்டும் முறை கயிறு முறைதான். புது ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டிவிடுங்கள். ரப்பரின் வெளிப்புறத்தில் தகடு நுழைவதற்கு ஒரு பள்ளம் ஓடும், அதற்குள் சுண்டு விரலில் பாதி தடிமனுக்கு வழவழப்பான நைலான் கயிற்றைச் சுற்றிலும் இறக்கி, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரு சாண் தாண்டி உள்பக்கமாகத் தொங்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீரை ரப்பருக்கும் தகட்டுக்கும் தாராளமாகத் தடவுங்கள். மண்ணெண்ணெய், டீசல், கிரீஸ் எதுவும் வேண்டாம், அவை ரப்பரை ஊதவைத்துவிடும். இப்போது ஒருவர் வெளியே நின்று, அதாவது லோடு பாடியில் ஏறி நின்று, கண்ணாடியை இடத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கேபினுக்குள் உட்கார்ந்து கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடிக்கு இணையாக மெதுவாக இழுக்க இழுக்க, ரப்பரின் உள் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே வந்து விழும். கயிறு எங்கே போகிறதோ அங்கே வெளியே இருப்பவரின் கையும் போக வேண்டும். முதலில் கீழ்ப் பக்கம், பிறகு இரண்டு பக்கவாட்டு, கடைசியில் மேலே. மூலையில் சிக்கினால் பலமாக இழுக்காதீர்கள், கயிறு ரப்பரை அறுத்துவிடும், கொஞ்சம் சோப்பு விட்டு வெளியே இருந்து தட்டச் சொல்லுங்கள். சில ரப்பரில் வெளிப்பக்கம் ஒரு பூட்டுப் பட்டை தனியாக வரும், அதைக் கடைசியில் உள்ளே அமுக்கினால்தான் ரப்பர் இறுகும். நாகலூர் குளிரில் காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்காதீர்கள், வெயில் ஏறட்டும். அதுவரை ரப்பரை வெந்நீரில் போட்டு வைத்தால் வெல்லப்பாகு மாதிரி வளைந்து கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. புதுக் கண்ணாடியைச் சிமென்ட் தரையில் சாய்த்து வைக்காதீர்கள், சாக்கு போட்டு அதன்மேல் வையுங்கள். இந்தக் கண்ணாடியின் நடுவில் கையால் குத்தினால்கூட ஒன்றும் ஆகாது, ஓரத்தில் ஒரு சின்னக் கல் பட்டால் போதும். 600 டிகிரிக்கும் மேல் சூடாக்கி, உடனே காற்றை அடித்துக் குளிரவைத்துச் செய்வதால் மேல்பரப்பு இறுக்கிக்கொண்டும் உள்பகுதி இழுத்துக்கொண்டும் இருக்கும். ஓரத்தில் அந்தக் கட்டு அவிழ்ந்தால் முழுவதும் ஒரே நொடியில் தூள். பதினேழு வயதில் பட்டறையில் சேர்ந்த முதல் மாதம், ஒரு வேன் கண்ணாடியைத் தரையில் நிற்கவைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் முதலாளி துடைப்பத்தை நீட்டினார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. சம்பளத்தில் அந்த மாதம் என்ன மிஞ்சியது என்று கேட்காதீர்கள்.

சரி, இதெல்லாம் உடைந்ததற்கு மருந்து. உடைத்த கட்டையை என்ன செய்யப் போகிறீர்கள்? ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், அடிவாரம்வரை 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது லோடு பின்பக்கம் தள்ளும், அதைத் தடுக்கப் பின்கதவு இருக்கிறது. இறங்கும்போது சரிவும் பிரேக்கும் சேர்ந்து மொத்த லோடையும் உங்கள் முதுகை நோக்கித் தள்ளும், அங்கே இருப்பது ஒரு கண்ணாடி. கட்டை தலையில் படாமல் போனது உங்கள் நல்ல நேரம். லோடு பாடியின் முன்பக்கம் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி உயரத்துக்குக் கம்பி வலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டம் லோடு பாடியோடு மட்டும் நிற்க வேண்டும், கேபினைத் தொடக் கூடாது. கேபினும் பாடியும் தனித்தனியாகச் சேஸிஸ் மேல் உட்கார்ந்திருப்பவை, மேடு பள்ளத்தில் இரண்டும் வேறு வேறு பக்கம் ஆடும், நடுவில் இரண்டு விரல் இடைவெளி இல்லாவிட்டால் உரசி உரசி மறுபடி அதே கண்ணாடியில்தான் வந்து நிற்கும். வலை பார்வையை மறைக்கும் என்பார்கள், கம்பி இடைவெளியைப் பெரிதாக வைத்தால் பழகிவிடும். கட்டையை நீளவாக்கில் அடுக்கினால் முன் சட்டத்தை முட்டும்படி அடுக்குங்கள், வழுக்கி வேகம் எடுக்க இடமே இருக்கக் கூடாது. சட்டத்தின் உயரத்துக்கு மேல் ஒரு கட்டைகூட வேண்டாம்.

அயோத்தியாப்பட்டணம் வாசகர்: கண்ணாடி மாற்றி மூன்று மாதம். மழை பெய்தால் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர். மாட்டியவரிடம் போனால் சிலிக்கான் தடவி அனுப்புகிறார், இரண்டு தடவை ஆயிற்று, நிற்கவில்லை.

நிற்காது. வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கானாக இருந்தால் அதில் இருந்து அமிலம் வெளியாகும், பெயின்ட் உரிந்த தகட்டில் பட்டால் துருவை அதுவே வளர்த்துவிடும். அதைவிடக் கொடுமை, சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது, பழைய சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கானும் ஒழுங்காக ஒட்டாது. ஆகவே மூன்றாவது தடவை தடவ விடாதீர்கள்.

தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பாருங்கள், சொட்டுகிற இடமும் நுழைகிற இடமும் அநேகமாக வேறு வேறாக இருக்கும். உள்பக்கம் ரப்பரைத் துடைத்துக் காயவைத்து, சுற்றிலும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவிவிடுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், வெளியே இருப்பவர் ஹோஸ் பைப்பைக் கண்ணாடியின் கீழ்ப் பக்கம் இருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே கொண்டு போகட்டும். மேலே இருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது. தண்ணீர் வருகிற வழி பவுடரில் கோடு போட்டுக் காட்டும். சில வண்டிகளில் குற்றவாளி கண்ணாடியே இல்லை, கேபின் கூரையின் இணைப்பு, மேலே இருக்கும் பிரேக் விளக்கு, ஏரியல் போட்ட ஓட்டை என்று எங்கிருந்தோ வந்து கண்ணாடி ஓரமாக இறங்கும். கண்ணாடிதான் என்று உறுதியானால் கழற்றி, சிலிக்கானைச் சுரண்டி, விளிம்பைச் சரிசெய்து மறுபடி மாட்டச் சொல்லுங்கள். கூலி கேட்டால் சண்டை போடுங்கள், அது உங்கள் பாடு.

ஏற்காடு வாசகி: ராத்திரி வாசலில் நிறுத்திய பிக்கப், காலையில் பின்கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. கல் எதுவும் இல்லை. பனிக்குத் தானாக உடைந்திருக்கும் என்கிறார் என் மாமனார். உண்மையா?

மாமனாரோடு வாதம் வேண்டாம் அம்மா, ஆனால் பனி மட்டும் உடைக்காது. இந்த வகைக் கண்ணாடி சுமார் 200 டிகிரி வித்தியாசம்வரை தாங்கும், ஏற்காட்டு மார்கழி அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஓரத்தில் ஏற்கெனவே ஒரு சொட்டை இருந்திருக்கும், அல்லது விளிம்பு வளைந்து ஒரு மூலையை அழுத்திக்கொண்டிருந்திருக்கும், குளிரில் தகடு கொஞ்சம் சுருங்கியதும் கடைசித் தள்ளு கிடைத்திருக்கும். புதுசு மாட்டும்முன் விளிம்பைப் பாருங்கள், மேலே நாகலூர் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும். ஒன்று மட்டும்: பனி மூடிய முன்கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுகிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். முன்கண்ணாடி வேறு ரகம், இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது, அது விரிசல் விடும்.

லீ பஜார் வாசகர்: என்னுடையது பழைய வண்டி, பின்கண்ணாடி கிடைக்கவில்லை. வீட்டு ஜன்னல் கண்ணாடி வெட்டிப் போடலாமா? இல்லை அக்ரிலிக் ஷீட்?

ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாக உடையும், அதுவும் உங்கள் பிடரிக்கு நேராக. வேண்டவே வேண்டாம். வண்டியில் பாதுகாப்புக் கண்ணாடிதான் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆவது விதியே சொல்கிறது, எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும்போது கேட்பார்கள். அக்ரிலிக் ஆறு மாதத்தில் கீறல் விழுந்து பனிக்காலத்து ஏற்காடு மாதிரி ஆகிவிடும், பின்னால் வருவது லாரியா சூரியனா என்றே தெரியாது.

பழைய பின்கண்ணாடி பெரும்பாலும் வளைவில்லாத தட்டைக் கண்ணாடி, அது உங்களுக்கு நல்லது. முன்கண்ணாடி ரகமான, நடுவில் தாள் வைத்த கண்ணாடியைத் தட்டையாக வாங்கி அளவுக்கு வெட்டித் தர முடியும். பின்கண்ணாடி ரகத்தை வெட்ட முடியாது, வெட்டக் கோடு போட்டதுமே தூளாகிவிடும், முதலிலேயே அளவு கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். அட்டையில் பழைய அளவை மூலை வளைவோடு வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள், நாடா பிடித்து அளந்து போனால் மூலை உதைக்கும். கண்ணாடி மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அஸ்தம்பட்டி வாசகி: வீட்டுக்காரர் பிக்கப்பில் ஜவ்வரிசி மூட்டை அடிக்கிறார். பின்கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் கேட்கலாமா, வேண்டாமா?

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் என்றால் ஒரு ரூபாய்கூட வராது. முழு இன்சூரன்ஸ் என்றால் வரும், கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை, ரப்பருக்குப் பாதி கழிப்பார்கள். ஆனால் கிளெய்ம் செய்தால் அடுத்த வருடம் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது முதல் வருடம் 20 சதவீதத்தில் ஆரம்பித்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 50 சதவீதம்வரை போகிற தள்ளுபடி. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி என்று வையுங்கள், போனஸ் போனால் அடுத்த வருடமே 5,000 அதிகம், பிறகு மறுபடி 20-ல் இருந்து ஏற வேண்டும். இதோடு நம் கையில் இருந்து கட்டாயமாகப் போடவேண்டிய தொகை வேறு. பின்கண்ணாடி மட்டும் போனது என்றால் அநேகமாகக் கைக்காசு போட்டுவிடுவதுதான் லாபம். கேபினும் நசுங்கியிருந்தால் கணக்கு மாறும். கேட்பதாக முடிவு செய்தால் தூளைக் கூட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, அப்புறம் பட்டறைக்கு விடுங்கள். புதுசு மாட்டிவிட்டு உடைந்தது என்றால் யார் நம்புவார்கள்?

கொண்டலாம்பட்டி வாசகர்: என் பிக்கப்பில் பசை வைத்து ஒட்டிய பின்கண்ணாடி. மாற்றினால் அன்றே லோடு எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். அந்தப் பசை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத்தான் இறுகும், எத்தனை மணி நேரம் என்பது பசை டப்பாவிலேயே போட்டிருக்கும், குளிரில் இன்னும் நேரம் பிடிக்கும். மாட்டுகிறவர் பழைய பசையைத் தகடுவரை சுரண்டாமல் ஒரு மெல்லிய படலம் விட்டு, அதன்மேல் புதுப் பசை போட்டால் தொழில் தெரிந்தவர் என்று அர்த்தம், கீறல் பட்ட இடத்துக்குப் பிரைமர் வைக்காமல் போனால் கேளுங்கள். ஒரு நாள் முழுக்கக் கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். எல்லாம் மூடிய கேபினில் கதவைப் படார் என்று சாத்தினால் உள்ளே இருக்கும் காற்று ஈரப் பசையில் நிற்கிற கண்ணாடியைத்தான் வெளியே தள்ளும்.

குகை வாசகர்: கண்ணாடி வர நான்கு நாள் ஆகுமாம். பின்னால் திறந்தபடியே ஓட்டலாமா? புதுக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டி, நடுவில் குலசாமி படமும் போட ஆசை.

பக்கத்து ஊருக்கென்றால் தடித்த பாலிதீன் ஷீட்டைச் சுற்றிலும் டேப் போட்டு ஒட்டி மெதுவாகப் போங்கள். திறந்தபடி ஓட்டினால் வண்டிக்குப் பின்னால் சுழலுகிற காற்று கேபினுக்குள் இழுக்கும், தூசியோடு புகையும் வரும். தலைவலி வந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஃபிலிம் வேண்டாம். பின்கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும், பக்கக் கண்ணாடியில் 50. எத்தனை சதவீத ஃபிலிமாக இருந்தாலும் ஒட்டக் கூடாது என்று 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குலசாமியை டாஷ்போர்டில் வையுங்கள், அவருக்கும் ரோடு தெரியட்டும்.